தண்ணீரைக் கழித்தால் என்ன மிஞ்சும்?

ஜெர்மனியின் மன்ஹைம் நகரத்தில் டிராம் ஏறியபோது மச்சினன் சொன்னான்: "அத்தான், பேரைப் பார்த்து ஏமாந்துடாதீங்க. வுர்ஸ்ட்மார்க்ட்னா சாசேஜ் சந்தைன்னுதான் அர்த்தம். ஆனா ஜனம் வர்றது ஒயினுக்கு." ரைன் ஆற்றைத் தாண்டி, காய்கறி வயல்களைத் தாண்டி, திராட்சைத் தோட்டங்களுக்குள் புகுந்து டிராம் போய் நிற்கும் ஊர் பாட் டூர்க்ஹைம். ஜெர்மனியில் ஊர்ப் பெயருக்கு முன்னால் 'பாட்' வந்தால் அது குளியல் ஊர். மருத்துவ குணம் உள்ளதென்று கருதப்படும் ஊற்றுநீரில் குளிக்கவும் அதைக் குடிக்கவும் ஆட்கள் வந்து தங்குவார்கள். இங்கே செப்டம்பரின் இரண்டாவது, மூன்றாவது வார இறுதிகளில் நடக்கும் வுர்ஸ்ட்மார்க்ட்தான் உலகத்திலேயே பெரிய ஒயின் திருவிழா என்பது ஊர்க்காரர்களின் பெருமை. பக்கத்துக் குன்றிலிருந்த மிக்கேல் கோயிலுக்கு வந்த பக்தர்களுக்கு விவசாயிகள் தள்ளுவண்டியில் தீனி விற்றதிலிருந்து தொடங்கியது, 15ஆம் நூற்றாண்டுக் கதை.

திருவிழாத் திடலுக்கு வெளியே ஒரு மாபெரும் மரப்பீப்பாய் படுத்துக் கிடக்கிறது. 1934இல் செய்தது. 17 லட்சம் லிட்டர் பிடிக்குமாம். ஒரு சொட்டு ஒயின்கூட அதில் ஊற்றியதில்லை, உள்ளே உணவகம் நடக்கிறது. எல்லாரும் அதன்முன் நின்றுதான் படம் எடுத்துக்கொள்கிறார்கள். எனக்கென்னவோ கொஞ்சம் தள்ளி நிற்கும் இன்னொரு கட்டடம்தான் இந்த ஊரின் ரகசியத்தை வைத்திருப்பதாகப் பட்டது.

அதன் பெயர் கிராடியர்பாவ். 333 மீட்டர் நீளத்துக்கு ஒரு முள்வேலிச் சுவர் என்று வைத்துக்கொள்ளுங்கள். மரச்சட்டத்துக்குள் ஒரு வகை முட்செடியின் சுள்ளிகளைக் கட்டுக்கட்டாக அடுக்கியிருக்கிறார்கள். ஊற்றிலிருந்து வரும் உப்புநீரை மேலே ஏற்றி விடுகிறார்கள். அது சுள்ளி சுள்ளியாகச் சொட்டி இறங்குகிறது. உப்பெடுக்க நீரைச் செறிவாக்கும் இயந்திரம் அவ்வளவுதான்.

ஈரத்துண்டைச் சுருட்டிப் போட்டால் மறுநாளும் ஈரமாகவே கிடக்கும், கொடியில் விரித்துப் போட்டால் ஒரு மணி நேரத்தில் காயும். ஒரே துண்டு, ஒரே வெயில். காற்று படும் பரப்புதான் வேறு. வேதாரண்யத்து உப்பளத்தில் நிலம் தாராளம், வெயிலும் தாராளம், அதனால் நீரைத் தரையில் விரித்துவிடலாம். அடிக்கடி தூறும் இந்தச் சீமையில் பாத்தி கட்டினால் மழைநீர்தான் சேரும். ஆகவே பரப்பைத் தரையில் விரிக்காமல் செங்குத்தாக நிறுத்திவிட்டார்கள். ஒவ்வொரு முள்ளின் மேலும் மெல்லிய நீர்ப்படலம், நடுவில் புகுந்து போகும் காற்று. வெயில் இல்லாவிட்டாலும் உலர்ந்த காற்று அடித்தால் நீர் ஆவியாகும்.

இதில் என்ன லாபம் என்று ஒரு சின்னக் கணக்குப் போடலாம். ஒரு சதவீத உப்புநீரைக் காய்ச்சி ஒரு கிலோ உப்பு எடுக்க 99 கிலோ தண்ணீரை விறகு எரித்து விரட்ட வேண்டும். அதே நீரைப் பலமுறை முள்ளில் இறக்கிப் பத்து சதவீதமாக்கிவிட்டால், அடுப்புக்கு மிஞ்சுவது 9 கிலோதான். மீதி 90 கிலோவைக் காற்று காசு வாங்காமல் கொண்டுபோய்விடும். காடு தப்பித்தது அப்படித்தான்.

கிட்டே போய்ப் பார்த்தேன். சுள்ளிகளின் மேல் பழுப்பு நிறத்தில் கல் ஏறியிருந்தது. போர் தண்ணீர் ஊற்றும் வீடுகளில் வாட்டர் ஹீட்டர் கம்பியில் படியுமே, அதே சமாச்சாரம். நீர் குறையக் குறைய, எளிதில் கரையாத சுண்ணாம்பும் ஜிப்சமும் முதலில் ஒதுங்கிவிடுகின்றன. சமையல் உப்பு தாராளமாகக் கரையக்கூடியது, அது கடைசிவரை நீரோடு இருக்கும். ஆக முட்சுவர் செறிவைக் கூட்டுவதோடு வடிகட்டியாகவும் வேலை பார்க்கிறது. இப்போது இங்கே உப்புக்காக யாரும் காய்ச்சுவதில்லை. கடற்கரைக் காற்று மாதிரி இருக்கிறதென்று மூச்சிழுத்தபடி நடக்கிறார்கள். இரண்டு முறை எரிந்தும் விடாமல் திரும்பக் கட்டியிருக்கிறார்கள்.

இந்தத் தண்ணீரை இதைவிடப் பல மடங்கு சுண்டவைத்தவர் ஒருவர் உண்டு. ராபர்ட் புன்சன், பக்கத்து ஹைடல்பெர்க் பல்கலைக்கழக வேதியியலாளர். பள்ளி ஆய்வகத்து புன்சன் அடுப்பின் புன்சன்தான். கேஸ் அடுப்பில் உப்புப் போட்ட உலைநீர் பொங்கி வழிந்தால் நீலச்சுடர் பளிச்சென்று மஞ்சளாவதைப் பார்த்திருப்பீர்கள். அது சோடியம். பல தனிமங்களுக்கு இப்படிச் சொந்த நிறம் உண்டு. கலவையில் எல்லாம் குழம்பிவிடும் என்பதால், அவரும் இயற்பியலாளர் கிர்க்காஃபும் சுடரின் ஒளியை முப்பட்டகம் வழியே பிரித்துக் கோடுகோடாகப் பார்த்தார்கள். 1860இல் டூர்க்ஹைம் ஊற்றுநீரின் எச்சத்தைச் சுடரில் காட்டியபோது, எந்தத் தனிமத்துக்கும் பொருந்தாத இரண்டு நீலக்கோடுகள் அருகருகே தெரிந்தன.

கோடு தெரிந்தால் போதாது, பொருளைக் கையில் காட்ட வேண்டும். 44,000 லிட்டர் நீரைச் சுண்டவைத்தார்கள். மலைபோல் கிடந்த மற்ற உப்புகளை ஒவ்வொன்றாகக் கழித்து, கடைசியில் கிடைத்த புதுத் தனிமத்தின் குளோரைடு சுமார் 7 கிராம். லிட்டருக்கு ஒரு மில்லிகிராமில் ஆறில் ஒரு பங்கு! கூடவே ஒட்டிக்கொண்டு வந்த ருபீடியம் என்ற இன்னொரு தனிமத்திடமிருந்து இதைப் பிரிக்க உதவியது எது தெரியுமா? ஆல்கஹால். ஒன்றின் கார்பனேட் அதில் கரையும், மற்றது கரையாது. ஒயின் ஊருக்கு இதைவிடப் பொருத்தமாக ஒரு முடிவு அமையாது. வானநீலத்தைக் குறிக்கும் லத்தீன் சொல்லிலிருந்து சீசியம் என்று பெயர் வைத்தார்கள். 1967 முதல் ஒரு வினாடி என்பதே சீசியம் அணு வெளிவிடும் ஒரு குறிப்பிட்ட கதிர்வீச்சின் 9,192,631,770 அலைவுகள்தான்.

சரி, ஒயினுக்கு வருவோம். திராட்சைத் தோட்டத்திலும் நடப்பது செறிவு விளையாட்டுதான். பழம் கனியும்போது சர்க்கரை ஏறும், புளிப்பு இறங்கும். எப்போது அறுப்பது? பால் சங்கத்தில் லாக்டோமீட்டர் போட்டுப் பார்ப்பது போல, சாற்றில் ஒரு மிதவையைப் போடுவார்கள். சர்க்கரை கூடினால் சாறு அடர்த்தியாகும், மிதவை மேலே நிற்கும். இந்த அளவுக்கு எக்ஸ்லே என்று பெயர். ஒரு லிட்டர் சாறு ஒரு லிட்டர் தண்ணீரைவிட எத்தனை கிராம் கூடுதல் என்பதே கணக்கு. 80 எக்ஸ்லே சாறு முழுக்கப் புளித்தால் பத்து சதவீதத்துக்குச் சற்று மேல் ஆல்கஹால்.

இன்னும் இனிப்பு வேண்டுமென்றால் தண்ணீரைக் கழிக்க வேண்டும். அதற்குக் குறுக்கு வழிகள் இரண்டு. ஒன்று பூஞ்சை. இலையுதிர்காலத்துக் காலைப் பனியில் ஒரு சாம்பல் நிறப் பூஞ்சை பழத்தோலில் நுண்துளைகள் போடும், பகல் வெயிலில் நீர் அவற்றின் வழியே வெளியேறிப் பழம் கிஸ்மிஸ் மாதிரிச் சுருங்கும். பார்க்க அழுகல், ஆனால் சாறு 150 எக்ஸ்லேயைத் தாண்டும். இன்னொன்று குளிர். மைனஸ் 7 டிகிரிக்குக் கீழே கொடியிலேயே உறைந்த பழத்தைப் பிழிந்தால் தண்ணீர் பனிக்கட்டியாகத் தோலோடு தங்கிவிடும், தேன் போன்ற சாறு மட்டும் இறங்கும்.

இத்தனை பாடுபட்டுத் தண்ணீரைக் கழித்த ஊரில், நீளமேசைக் கொட்டகையில் எல்லாரும் என்ன குடிக்கிறார்கள்? ஷோர்லே. ரீஸ்லிங் என்ற வெள்ளை ஒயினில் சோடாத் தண்ணீர் கலந்தது! அரை லிட்டர் கண்ணாடித் தம்ளர், சுற்றிலும் விரல் பதியும் குழிகள். கொழுப்பு படிந்த கையிலிருந்து நழுவாமல் இருக்கக் கசாப்புக்காரர்களுக்காகச் செய்தது என்று கதை சொல்கிறார்கள். அறிமுகமில்லாத எதிர்வரிசைக்காரர்கூட தம்ளரை நம் பக்கம் நகர்த்திவிடுகிறார்.

"எவ்வளவு தண்ணி கலப்பாங்க?" என்றேன் மச்சினனிடம்.

"தண்ணியைப் பத்தி இங்க சத்தமா கேக்காதீங்க அத்தான், கோவிச்சுப்பாங்க" என்றான்.

முட்சுவர் ஓரம் நடந்து வந்ததில் உதட்டில் உப்புக் கரித்துக்கொண்டிருந்தது. முதல் வாய் ஷோர்லே எதிர்பார்த்ததைவிட இனித்தது. உப்பு நாக்கில் கசப்பை அடக்கும், கசப்பு அடங்கினால் இனிப்பு தலைதூக்கும். கொய்யாக்காய்க்கு உப்புத் தொட்டுக்கொள்வது நினைவுக்கு வந்தது. இரண்டாவது வாயில் உப்பு போய்விட்டது, புளிப்பு சுள்ளென்று ஏறியது. தம்ளரை எதிரில் இருந்தவர் பக்கம் நகர்த்தினேன்.