ரொக்கம் பெருகியும் கடன் பெருகாதது ஏன்? ஜப்பான் கண்ட பணவாட்டம்

விலைவாசி ஆண்டுதோறும் இறங்கினால் நல்லதுதானே என்று வாங்குபவருக்குத் தோன்றும். கடன்பட்டவரின் இடத்திலிருந்து பார்த்தால்தான் பணவாட்டத்தின் கொடுமை புரியும். விற்கும் பொருளின் விலை 1 சதவீதம் இறங்கும் நாட்டில் 2 சதவீத வட்டிக்குக் கடன் வாங்கியவர் உண்மையில் சுமப்பது ஏறத்தாழ 3 சதவீத வட்டி. 1990-களின் இறுதியில் ஜப்பான் இத்தகைய நிலையில்தான் சிக்கியிருந்தது.

1999 பிப்ரவரியில் அந்நாட்டு மத்திய வங்கி குறுகியகால வட்டியை ஏறக்குறைய சுழியமாக்கியது. அதற்கும் கீழே இறக்க இடமில்லாததால், 2001 மார்ச்சில், வணிக வங்கிகள் தன்னிடம் வைத்திருக்கும் நடப்புக் கணக்கு இருப்பை 5 லட்சம் கோடி யென்னாக உயர்த்த இலக்கு வைத்தது. சட்டப்படி வைக்க வேண்டிய தொகையே சுமார் 4 லட்சம் கோடி என்பதால், தொடக்கத்தில் கூடுதலாகக் கிடைத்தது சிறு தொகைதான்.

இந்த ஏற்பாட்டில் மத்திய வங்கி, வணிக வங்கிகளிடமிருந்து அரசுக் கடன் பத்திரங்களை வாங்கி, அவற்றின் விலையை அந்த வங்கிகளின் கணக்கில் வரவு வைக்கிறது. வங்கியின் கையிலிருந்த பத்திரம் ரொக்கமாக மாறுகிறதே தவிர, அதன் மூலதனம், அதாவது நட்டத்தைத் தாங்கும் சொந்தப் பணம், ஒரு யென்கூடக் கூடுவதில்லை. இந்த வேறுபாட்டைப் பலரும் கவனிக்காமல் கடந்துவிடுகிறார்கள். பின்னர் நடந்தவை அனைத்தும் இதிலிருந்தே விளங்கும். வாராக்கடனால் மூலதனம் கரைந்துபோன வங்கி, ரொக்கம் எவ்வளவு இருந்தாலும் புதுக் கடன் கொடுக்கத் தயங்கும். நில விலைச் சரிவில் அடிபட்ட நிறுவனங்களோ பழைய கடனை அடைப்பதிலேயே குறியாக இருந்தன. 2004 ஜனவரிக்குள் இலக்கு 30 முதல் 35 லட்சம் கோடி யென்வரை உயர்ந்தபோதும், வங்கிக் கடன்களின் மொத்த அளவு சுருங்கிக்கொண்டே இருந்தது. ஏரி நிரம்பியும் வாய்க்கால் தூர்ந்து கிடந்தது.

ஆயினும் இது வீண் முயற்சி அன்று. 1997 நவம்பரில் ஹொக்கைடோ டகுஷோகு வங்கியும் யமாயிச்சி பங்கு நிறுவனமும் அடுத்தடுத்து வீழ்ந்தபோது, வங்கிகள் ஒன்றுக்கொன்று கடன் தர அஞ்சின. 2001-க்குப் பின் கையில் உபரி ரொக்கம் இருந்ததால் அத்தகைய அச்சம் பெரிதும் தணிந்தது.

முதலீட்டாளர்களில் முதலில் பயன் பெற்றவர்கள் பத்திரம் வைத்திருந்தோர். 2003 ஜூனில் பத்தாண்டுப் பத்திரத்தின் ஈட்டம் (அதன் சந்தை விலைக்குக் கிடைக்கும் ஆண்டு வருவாய் விகிதம்) 0.5 சதவீதத்துக்கும் கீழே இறங்க, அதன் விலை ஏறியது. சில மாதங்களிலேயே ஈட்டம் 1 சதவீதத்தைத் தாண்டியதால், உச்சத்தில் வாங்கியவர்கள் நட்டப்பட்டார்கள். பங்குச் சந்தையோ ரொக்கத்தை நம்பவில்லை: நிக்கேய் குறியீடு 2003 ஏப்ரலில் 7,607-க்கு வீழ்ந்தது. மே மாதம் ரெசோனா வங்கிக் குழுமத்துக்கு ஏறத்தாழ 2 லட்சம் கோடி யென் மூலதனம் அளிக்க அரசு முடிவெடுத்தது. உலகப் பொருளாதார மீட்சியும் துணைநிற்க, அவ்வாண்டு முடிவதற்குள் குறியீடு 10,000-ஐத் தாண்டியது.