ஏ.சி.யில் கேஸ் தீர்ந்துபோவதில்லை

"கேஸ் தீர்ந்துபோச்சு, அடிக்கணும்" என்று ஒரு மெக்கானிக் தொடர்ந்து மூன்று வருடம் சொன்னார், நானும் மூன்று வருடமும் அடித்தேன். மூன்றாவது முறை அடித்த சில வாரத்திலேயே அறை மறுபடி புழுங்க ஆரம்பித்தது. அப்போதுதான் இந்தப் பெட்டிக்குள் என்னதான் நடக்கிறது என்று உட்கார்ந்து படித்தேன். படித்ததும் கோபம்தான் வந்தது, ஏனென்றால் ஏ.சி.யில் இருக்கும் கேஸ் பெட்ரோல் மாதிரி எரிந்து செலவாவதே இல்லை.

அது செப்புக் குழாய்க்குள் அடைபட்டு, வீட்டுக்குள்ளும் வெளியிலுமாகச் சுற்றிக்கொண்டே இருக்கிறது. இப்போது பல ஏ.சி.க்களில் வரும் ஆர்-32, சாதாரணக் காற்றழுத்தத்தில் மைனஸ் 52 டிகிரியிலேயே கொதித்துவிடும். அறைக்குள் இருக்கும் குழாய்ச் சுருளான உள் காயிலில் திரவமாக நுழைந்து ஆவியாகும்போது, அதற்குத் தேவையான வெப்பத்தை அறைக் காற்றிலிருந்து எடுத்துக்கொள்ளும். கையில் சானிடைசர் ஊற்றினால் சில்லென்று இருக்கிறதே, அதே சங்கதிதான். அந்த ஆவியை கம்ப்ரஸர் அழுத்தும்போது அது வெளிக்காற்றை விடவும் சூடாகிவிடும், அதனால் அவுட்டோர் யூனிட்டில் வெப்பத்தை வெளியே விட்டுவிட்டுத் திரும்பவும் திரவமாகும். பிறகு ஒரு குறுகலான வழியில் புகுந்து, அழுத்தம் குறைந்து, மறுபடி உள்ளே வரும்.

ஆக, ஏ.சி. குளிரை உண்டாக்குவதில்லை, வெப்பத்தை இடம் மாற்றுகிறது. ஒரு யூனிட் மின்சாரத்தில் மூன்று யூனிட் வெப்பத்தை, சில சமயம் அதற்கு மேலும், அள்ளி வெளியே கொட்டிவிட முடிவது இதனால்தான். இதே வேலையைத் திருப்பிச் செய்து வெளியிலிருக்கும் வெப்பத்தை உள்ளே கொண்டுவந்து வீட்டைச் சூடாக்கலாம் என்று கெல்வின் பிரபு 1852-லேயே எழுதிவிட்டார். அதுதான் ஹீட் பம்ப். கம்பிச்சுருள் ஹீட்டர் ஒரு யூனிட் மின்சாரத்துக்கு ஒரு யூனிட் வெப்பம்தான் தரும், அது எவ்வளவு விலை உயர்ந்ததாக இருந்தாலும் சரி.

செலவு எங்கே கூடுகிறது? கிணற்றில் நீர் இறைப்பதை நினைத்துக்கொள்ளுங்கள். கிணறு ஆழமாக ஆழமாக ஒவ்வொரு வாளிக்கும் கூடுதல் பலம் வேண்டும். இங்கே அந்த ஆழம், உள் காயிலுக்கும் வெளிக் காயிலுக்கும் உள்ள வெப்பநிலை வித்தியாசம். ஃபில்டரில் தூசி அடைத்தால் உள் காயிலுக்குக் காற்று போதாமல் அது மேலும் குளிர்ந்துபோகும். அவுட்டோர் யூனிட்டைச் சுற்றி அட்டைப்பெட்டியோ துணியோ இருந்தாலோ, அதன் தகடுகளுக்கிடையில் அழுக்கு படிந்தாலோ, வெளிக் காயில் மேலும் சூடாகும். எந்தப் பக்கம் கெட்டாலும் கிணறு ஆழமாகிவிடுகிறது. ஃபில்டரைக் கழற்றி ஜன்னல் பக்கம் பிடித்துப் பாருங்கள், வெளிச்சம் ஊடுருவவில்லை என்றால் காற்றும் சரியாகப் போகாது. ரிமோட்டில் 16 வைப்பதும் இதே கணக்கில்தான் வரும், உள்ளே எவ்வளவு குளிர்கிறதோ அவ்வளவு வேகமாக வெளிச்சூடு சுவர் வழியாகத் திரும்பி வந்துகொண்டிருக்கும்.

சரி, என் ஏ.சி.க்கு வருகிறேன். கேஸ் குறைந்திருக்கிறது என்றால் ஒரே அர்த்தம்தான், எங்கோ கசிகிறது. இன்னொருவர் வந்து, குழாய் அவுட்டோர் யூனிட்டில் சேரும் இடத்தில் இருந்த பித்தளை நட்டை டார்ச் அடித்துக் காட்டினார். அதைச் சுற்றி எண்ணெய்ப் பிசுக்கு, அதன் மேல் கருப்பாகத் தூசி ஒட்டியிருந்தது. கம்ப்ரஸர் எண்ணெயும் கேஸோடு கலந்து சுற்றுவதால் கசியும் இடத்தில் இப்படி அடையாளம் விட்டுவிடுமாம். சோப்பு நுரையைத் தடவினார், சின்னச் சின்னக் குமிழிகள் ஒவ்வொன்றாக எழும்பின, மூன்று வருடக் காசு அந்த வழியாகத்தான் போயிருக்கிறது. குழாயின் முனையைப் புதிதாக விரித்து மாட்டி, நைட்ரஜன் நிரப்பி அழுத்தம் நிற்கிறதா என்று பார்த்து, வேக்யூம் போட்டு, அதாவது குழாய்க்குள் இருப்பதையெல்லாம் பம்ப் வைத்து உறிஞ்சி எடுத்து, அப்புறம்தான் யூனிட்டில் எழுதியிருக்கும் அளவுக்கு கேஸை எடைபோட்டு ஏற்றினார். இந்த வரிசையில் வேலை செய்கிறாரா என்று நின்று பாருங்கள், கேளுங்கள். கசிவை அடைக்காமல் கேஸ் அடிப்பது காசுக்கு மட்டும் கேடில்லை, ஆர்-32 எடைக்கு எடை கார்பன் டை ஆக்சைடை விட 600 மடங்குக்கும் மேல் பூமியைச் சூடாக்கும்.

காற்றிலிருக்கும் ஈரமும் ஒரு பெரிய சுமை. ஒரு லிட்டர் நீரைக் காற்றிலிருந்து பிரித்தெடுக்க ஏறக்குறைய 0.68 யூனிட் வெப்பத்தை வெளியேற்ற வேண்டும். கதவுக்கு அடியில் இடைவெளி இருந்தால் குளிர்ந்த காற்று, கனமானது என்பதால், கீழே வழிந்துபோகும், மேலே எங்காவது இருக்கும் சந்து வழியாக வெளியிலிருந்து ஈரக்காற்று நுழையும். குளிர்காலத்தில் இதுவே தலைகீழ், சூடான காற்று மேலே தப்பிக்கும், குளிர்காற்று கதவடியில் வரும். ஒரு டிஷ்யூ தாளை அங்கே பிடித்தால் அது ஆடுவதே காட்டிக்கொடுத்துவிடும்.

இன்னொன்று. அவுட்டோர் யூனிட் 'உம்ம்' என்று முனகிவிட்டு ஓடாமல் நின்றால் கம்ப்ரஸரே போச்சு என்று உடனே முடிவுகட்டாதீர்கள். அதைக் கிளப்பிவிடும் கெபாசிட்டர் பலவீனமானாலும் இதேதான் நடக்கும், மீட்டர் வைத்து முதலில் அதை அளக்கச் சொல்லுங்கள். சுவிட்சை அணைத்த பிறகும் அதில் மின்சாரம் தங்கியிருக்கும், அதனால் அவுட்டோர் யூனிட்டின் மூடியை மட்டும் நீங்களே திறக்க வேண்டாம்.