ஜும்லா: அரபு இலக்கணத்தில் வாக்கியம்

நஹ்வு, அதாவது அரபு இலக்கணம், படிப்பவர்கள் முதலிலேயே சந்திக்கும் சொல் ஜும்லா. ‘வாக்கியம்’ என்று பொருள் எழுதிக்கொண்டு நகர்ந்துவிடலாம். ஆனால் அதற்குள் பல நூற்றாண்டு விவாதம் இருக்கிறது.

சொல்லின் அடிப்படைப் பொருள் மொத்தம், திரட்டு. குர்ஆன் முழுவதும் ஒரே தடவையில் இறங்கியிருக்கக் கூடாதா என்று மறுப்பாளர்கள் கேட்பதாக வரும் வசனத்தில் (25:32) இச்சொல் உண்டு. மொத்த வியாபாரத்துக்கும் அரபியில் இதே சொல்தான்.

8ஆம் நூற்றாண்டில் ஸீபவைஹி எழுதிய ‘அல்-கிதாப்’ என்ற அரபு இலக்கண நூலில் ஜும்லா இன்னும் கலைச்சொல் ஆகவில்லை. அவர் பேசியது இஸ்னாத் பற்றி: எழுவாயும் பயனிலையும் போல இரண்டு சொற்கள் ஒன்றையொன்று சார்ந்து நிற்பது. அடுத்த நூற்றாண்டில் அல்-முபர்ரத் எழுத்தில் ஜும்லா இலக்கணச் சொல்லாகவே வருகிறது.

பிறகு வகைப்பாடு. பெயரில் தொடங்கினால் ஜும்லா இஸ்மிய்யா, வினையில் தொடங்கினால் ஜும்லா ஃபிஃலிய்யா. ‘காம ஸைதுன்’ (எழுந்தான் ஸைத்) வினைவகை. ‘ஸைதுன் காம’ என்று மாற்றினால் பெயர்வகை என்றனர் பஸராவினர் (பஸரா, கூஃபா இரண்டும் ஈராக் நகரங்கள்; அவற்றின் பெயரில் இரு இலக்கணப் பள்ளிகள் இருந்தன). அவர்கள் கணக்கில், வினைக்குப் பிறகுதான் எழுவாய் வர முடியும். அதனால் ‘காம’வுக்குள் ‘அவன்’ மறைந்திருக்கிறது. அந்த ஒரு சொல்லே ஒரு ஜும்லா! கூஃபாவினரோ முன்னால் நிற்கும் ஸைதையே வினையின் எழுவாயாக ஏற்றார்கள். பஸரா விளக்கம் எனக்கு மிகவும் பிடித்தது. வாக்கியத்துக்குள் வாக்கியம் என்ற அமைப்பை அது அழகாகக் காட்டிவிடுகிறது. 14ஆம் நூற்றாண்டில் இப்னு ஹிஷாம் இதைத்தான் பெரிய ஜும்லா (முழு வாக்கியம்), சிறிய ஜும்லா (அதற்குள் இருப்பது) என்று பிரித்தார்.

நிபந்தனைத் தொடரை (‘நீ வந்தால்…’ போன்றது) அவருக்கு முன்பிருந்த இலக்கண அறிஞர் ஸமக்‌ஷரி தனி வகையாக்கினார். அதுவும் வினைவகையே என்றார் இப்னு ஹிஷாம். கலாமும் (நிறைவான கூற்று) ஜும்லாவும் ஒன்றே என்ற ஸமக்‌ஷரியின் கருத்தையும் மறுத்தார். பொருள் முடிந்தால்தான் கலாம். ஜும்லாவுக்கு இஸ்னாத் இருந்தாலே போதும்.

சரி, தமிழில் எப்படிச் சொல்வது? கலாமுக்கு வாக்கியம் பொருந்தும். ஜும்லாவுக்குத் ‘தொடர்’ நல்ல சொல்தான். ஆனால் ‘ஸைதின் வீடு’ என்பதும் தமிழில் தொடரே, அதில் இஸ்னாத் இல்லை. எனவே ‘எழுவாய்-பயனிலைத் தொடர்’ என்பதே என் தேர்வு. இஸ்மிய்யாவைப் ‘பெயர்ப் பயனிலை’ என்று எழுதக் கூடாது. நாம் பயனிலையைப் பார்த்து வகுக்கிறோம், அவர்கள் தொடக்கத்தைப் பார்த்து. ‘பெயர்முதல் தொடர்’, ‘வினைமுதல் தொடர்’ எனலாமா? நம் இலக்கணத்தில் வினைமுதல் என்றால் கருத்தா. ஆகவே ‘பெயர் முன்வரு தொடர்’, ‘வினை முன்வரு தொடர்’ என்று எழுதலாம்.