சின்னத் துப்பாக்கிதான் பெரிதாக உதைக்கும்

டாலஸ் நகருக்கு வெளியே, நெடுஞ்சாலை ஓரத்தில் ஒரு துப்பாக்கிக் கடை. கண்ணாடிப் பெட்டிக்குள் நகைக்கடை மாதிரி வரிசையாக அடுக்கி, ஒவ்வொன்றிலும் நூல் கட்டி விலைச்சீட்டு தொங்கவிட்டிருந்தார்கள். என் நண்பரும் அவர் மனைவியும் பெட்ரோல் பங்க் நடத்துகிறவர்கள். வாரத்தில் மூன்று இரவு கடையைப் பூட்டிவிட்டு வசூல் பணத்தோடு தனியாக வீடு திரும்புவது அந்த அம்மாதான். வெளியே தெரியாமல் கூடவே வைத்துக்கொள்ள ஒரு கைத்துப்பாக்கி வேண்டும். கையில் இருப்பது 350 டாலர்.

கடைக்காரர் அந்த அம்மாவின் கையைப் பார்த்தார். இருப்பதிலேயே சின்னதாக ஒன்றை எடுத்து மேலே வைத்தார். சீட்டுக்கட்டை விடக் கொஞ்சம் நீளம், அவ்வளவுதான். கைப்பைக்குள் போட்டுக்கொள்ளலாம், பெண்களுக்கு ஏற்றது என்றார். தோட்டாவை உள்ளே ஏற்ற, மேல்பாகத்தைப் பின்னால் இழுத்துவிட வேண்டும். இந்த மேல்பாகத்துக்கு ஸ்லைடு என்று பெயர். அந்த அம்மா இழுத்தார், நகரவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்தார், பாதி வந்து திரும்பிப் போனது.

“அண்ணா, நீங்க இழுத்துப் பாருங்க” என்று என்னிடம் நீட்டினார். நான் கையைப் பின்னால் கட்டிக்கொண்டேன். வேலை விசாவில் இருக்கிறவன் துப்பாக்கியைக் கையில் வைத்திருப்பதே, சில விலக்குகள் தவிர, அமெரிக்க மத்திய சட்டப்படி குற்றம். அவர்கள் குடியுரிமை பெற்றவர்கள். டெக்சாஸில் 2021 செப்டம்பரிலிருந்து, சட்டப்படி துப்பாக்கி வைத்துக்கொள்ளத் தகுதி உள்ள 21 வயதானவர்கள் தனி உரிமம் இல்லாமலே இடுப்பில் செருகிக்கொண்டு நடமாடலாம். நான் வேடிக்கை பார்க்கலாம். சரி, வேடிக்கை பார்த்ததில் எனக்குப் புரிந்ததைச் சொல்கிறேன்.

சின்னக் கைக்குச் சின்னத் துப்பாக்கி என்பது செருப்புக் கடை நியாயம். துப்பாக்கியில் இது அப்படியே தலைகீழ்.

பரிசலிலிருந்து கரைக்குத் தாவியவர்களுக்குத் தெரியும்: நாம் முன்னால் போனால் பரிசல் பின்னால் போகும். பரிசல் எவ்வளவு லேசோ அவ்வளவு வேகமாகப் போகும். துப்பாக்கியும் ஒரு பரிசல்தான். தோட்டாவின் முனையிலிருந்து பிரிந்து பறப்பதுதான் குண்டு. 9 எம்.எம். விட்டமுள்ள குண்டு ஒன்றின் எடை சுமார் ஏழரை கிராம்; நொடிக்கு 350 மீட்டர் வேகத்தில் கிளம்புகிறது. குண்டு எவ்வளவு உந்தத்தோடு (எடை பெருக்கல் வேகம்) முன்னால் போகிறதோ, அதே உந்தத்தைத் துப்பாக்கி பின்னால் வாங்கிக்கொள்கிறது. தோட்டா நிரப்பிய நடுத்தரத் துப்பாக்கி 850 கிராம் இருக்கும். கணக்குப் போட்டால் அது நொடிக்கு மூன்று மீட்டர் வேகத்தில் கைக்குள் பாயும். ஆற்றல் 4 ஜூல். அதே தோட்டாவை 450 கிராம் குட்டித் துப்பாக்கியில் போட்டால் வேகம் கிட்டத்தட்ட இரட்டிப்பு, ஆற்றல் ஏழரை ஜூல். ஒரு கிலோ சர்க்கரைப் பொட்டலத்தை முக்கால் மீட்டர் உயரத்திலிருந்து உள்ளங்கையில் போடுகிற மாதிரி. சுடும்போது வெளியேறும் புகையையும் கணக்கில் சேர்த்தால் இன்னும் கொஞ்சம் ஏறும்.

சரி, பலம் குறைந்த தோட்டாவாகப் பார்த்து வாங்கினால்? கடைக்காரர் எடுத்து வைத்தது அதுதான்: .380 ரகம், 1908-ல் ஜான் பிரவுனிங் வடிவமைத்த தோட்டா. ஆறு கிராம் குண்டு, நொடிக்கு 290 மீட்டர் வாக்கில். குண்டின் ஆற்றல் 9 எம்.எம்.மில் பாதியைக் கொஞ்சம் தாண்டுகிறது. ஆனால் அதைச் சுடும் துப்பாக்கியோ தோட்டாவோடு சேர்த்தே 330 கிராம்தான். உதையைக் கணக்கிட்டால் நாலரை ஜூலுக்கு மேல் வருகிறது. அதாவது எதிரே பாதி வேலை செய்கிற துப்பாக்கி, பிடித்திருப்பவர் கையில் பெரிய துப்பாக்கியை விட ஓங்கி அறைகிறது. போதாததற்கு அதன் பிடியில் இரண்டு விரலுக்குத்தான் இடம். சுண்டுவிரல் அந்தரத்தில் தொங்கும். குழல் கைக்கு மேலே இருப்பதால் ஒவ்வொரு முறையும் முனை மேல்நோக்கித் துள்ளும். துள்ளலை அடக்க வேண்டிய விரல்தான் இங்கே வேலையில்லாமல் இருக்கிறது.

ஸ்லைடு ஏன் நகர மறுத்தது? அதைச் சொல்ல, உள்ளே நடப்பதைக் கொஞ்சம் பார்க்க வேண்டும்.

சுட்டதும் தோட்டாக் கூட்டுக்குள் வளிமண்டலத்தைப் போல ஆயிரம் மடங்குக்கு மேல் அழுத்தம் எழுகிறது, 9 எம்.எம்.மில் உச்சம் சுமார் 2,400 மடங்கு. இந்த அழுத்தம் குண்டை முன்னால் தள்ளுகிறது, வெற்றுக் கூட்டைப் பின்னால் தள்ளுகிறது. குண்டு குழலை விட்டு வெளியேற அரை மில்லி நொடி போதும். அதுவரை கூடு குழலின் அடியை விட்டு அதிகம் வெளியே வரக்கூடாது. வந்தால், மெல்லிய பித்தளைச் சுவருக்குத் தாங்கல் இல்லாமல் அது கிழிந்துவிடும், சூடான வாயு கைப்பக்கம் பீய்ச்சும்.

இதைத் தடுக்க மலிவான வழி ஒன்று உண்டு. கூட்டின் முதுகில் கனமான உலோகத்தை வைத்துவிட்டால் போதும். குண்டு எட்டு சென்டிமீட்டர் ஓடும் நேரத்தில், அரைக் கிலோ ஸ்லைடு ஒரு மில்லிமீட்டரைச் சற்றுத் தாண்டித்தான் நகரும். பூட்டு எதுவும் வேண்டாம், கனமே பூட்டு. அதே இடத்தில் 150 கிராம் ஸ்லைடு இருந்தால் நாலு மில்லிமீட்டர் நகர்ந்துவிடும், ஆபத்து. ஒஹாயோ மாநிலத்து ஹை-பாயின்ட் நிறுவனத்தின் 9 எம்.எம். துப்பாக்கி 200 டாலர் அளவில் கிடைப்பதன் ரகசியம் இந்தக் கனம்தான். காலியாகவே 800 கிராமுக்கு மேல், மேல்பாகம் செங்கல் மாதிரி. கேலி செய்பவர்கள் நிறைய. எனக்கு அதன் மேல் ஒரு மரியாதை உண்டு, என்ன செய்கிறோம் என்று தெரிந்துதான் செய்திருக்கிறார்கள். ஆனால் அதை இடுப்பில் மறைத்துக்கொண்டு நடப்பது, அரைப்படி அரிசியைக் கட்டிக்கொண்டு நடப்பதுதான்.

இன்னொரு வழி பிரவுனிங்குடையது. குழலையும் ஸ்லைடையும் ஒன்றோடொன்று கொக்கி போட்டு மாட்டிவிட்டார். சுட்டதும் இரண்டும் சேர்ந்தே சில மில்லிமீட்டர் பின்வாங்கும். அதற்குள் குண்டு போய்விடும், அழுத்தம் இறங்கிவிடும். அப்புறம் குழலின் பின்பக்கம் கீழே சாயும், கொக்கி விடுபடும், ஸ்லைடு மட்டும் தனியே ஓடிப்போய் வெற்றுக் கூட்டைத் துப்பிவிட்டு அடுத்த தோட்டாவை வாரிக்கொண்டு திரும்பும். தாழ்ப்பாள் தானாகத் திறக்கும், தானாகப் பூட்டும். 1911-ல் அமெரிக்க ராணுவம் ஏற்ற துப்பாக்கியில் இருந்தது இந்த ஏற்பாடு. இன்றைக்கு விற்கும் 9 எம்.எம். துப்பாக்கிகளில் மிகப் பெரும்பாலானவை இதன் பேரப்பிள்ளைகள். இதில் ஸ்லைடு லேசாக இருக்கலாம். ஆனால் கொக்கிகளை நுணுக்கமாகக் கடைந்தெடுக்க வேண்டும், அதற்குக் காசு.

குட்டித் துப்பாக்கியில் சிக்கல் எங்கே வருகிறது என்றால், ஸ்லைடு லேசாக இருப்பதால் வேகமாகப் பாய்கிறது, ஓடி நிற்கவோ தூரம் இல்லை. குறுகிய இடத்தில் அதை நிறுத்த முரட்டு ஸ்பிரிங் வைக்க வேண்டும், சில சமயம் ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு. அந்த அம்மா பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்தது இந்த ஸ்பிரிங்கைத்தான். இன்னொன்று: ஸ்லைடு பின்னால் ஓட வேண்டுமானால், கீழ்பாகம் அசையாமல் நிற்க வேண்டும். பிடி தளர்ந்தால் மொத்தத் துப்பாக்கியும் சேர்ந்து பின்னால் வந்துவிடும். ஸ்லைடு முழு தூரம் போகாது, வெற்றுக் கூடு வாசலில் சிக்கிக்கொள்ளும். கனமான துப்பாக்கி தன் எடையாலேயே ஓரளவு நிற்கும். லேசானதற்கு நிற்பது முழுக்க மணிக்கட்டுதான். பலமில்லாத கைக்கு என்று விற்கப்படுவதுதான் பலமான கையைக் கேட்கிறது.

குறி பார்ப்பதிலும் இதே கதை. முன்குறிக்கும் பின்குறிக்கும் நடுவே 15 சென்டிமீட்டர் இருந்து, முன்குறி ஒரு மில்லிமீட்டர் தவறினால், ஏழு மீட்டர் தூரத்தில் குண்டு நாலே முக்கால் சென்டிமீட்டர் தள்ளி விழும். இடைவெளி 10 சென்டிமீட்டர் என்றால் தவறு ஏழு சென்டிமீட்டர். அப்படியானால் ரிவால்வர் வாங்கலாமே, அதில் ஸ்லைடு இழுக்கும் தொல்லை இல்லையே என்று நண்பர் கேட்டார். நியாயமான கேள்வி. ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் 1950-ல் கொண்டுவந்த ஐந்து தோட்டாக் குட்டி ரிவால்வரின் வழிவந்தவை இன்றும் விற்கின்றன. ஆனால் அவசரத்தில் சுடுவதென்றால் அவற்றில், தோட்டாவை அடித்து வெடிக்கவைக்கும் சுத்தியலை விசையை இழுத்துத்தான் தூக்க வேண்டும். அதற்கு ஐந்து கிலோ எடைக்குச் சமமான இழுப்பு தேவை. லேசான உலோகத்தில் செய்தவை அரைக் கிலோ கூட இருக்காது. தன் எடையைப் போல பத்து மடங்கு இழுத்தால் எது ஆடாமல் இருக்கும்?

விலை எங்கே குறைக்கப்படுகிறது என்பதும் பார்க்க வேண்டியது. 1968-ல் அமெரிக்கா கொண்டுவந்த துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டம், தரம் குறைந்த மலிவுத் துப்பாக்கிகள் வெளிநாட்டிலிருந்து வருவதைத் தடுத்தது. உள்நாட்டில் செய்வதைத் தடுக்கவில்லை. அந்தச் சந்து வழியாக லாஸ் ஏஞ்சலிஸைச் சுற்றி ஒரு தொழிலே முளைத்தது. 1970-ல் தொடங்கிய ரேவன் ஆர்ம்ஸ் முதல், உறவும் பழக்கமுமாகப் பின்னிக்கொண்ட சில நிறுவனங்கள். இவற்றை ஆராய்ந்த கேரன் வின்ட்மியூட் என்ற மருத்துவர் 1994-ல் ‘நெருப்பு வளையம்’ என்று பெயர் வைத்தார்.

அவர்கள் பயன்படுத்திய உலோகம் ஜமாக். துத்தநாகம், அலுமினியம், மெக்னீசியம், செம்பு ஆகியவற்றின் ஜெர்மன் பெயர்களின் முதலெழுத்துகளைச் சேர்த்த பெயர் இது. பொம்மைக் கார்களை வார்க்கிற அதே கலவை. 400 டிகிரி செல்சியஸ் எட்டுவதற்குள் உருகிவிடும், அச்சில் ஊற்றினால் வேலை முடிந்தது. இலினாய் மாநிலத்தில் சட்டம் எழுதியவர்கள் இதை எப்படிப் பிடித்தார்கள் தெரியுமா? சுமார் 427 டிகிரிக்குக் கீழே உருகும் துப்பாக்கியை விற்கக்கூடாது என்றார்கள்! தரத்தை வெப்பமானியால் அளந்த சட்டம்.

உலோகத்தை விட மோசமானது வடிவமைப்பு. அந்த வளையத்தைச் சேர்ந்த பிரைக்கோ நிறுவனத்தின் ஒரு ரகத்தில், தோட்டாவை வெளியே எடுக்கவே பாதுகாப்புப் பூட்டைச் ‘சுடு’ நிலைக்குத் தள்ளியாக வேண்டும். 1994-ல் கலிபோர்னியாவில் ஒருவர் அப்படி எடுக்க முயன்றபோது வெடித்து, ஏழு வயதுப் பையன் ஒருவன் கழுத்துக்குக் கீழே செயலிழந்தான். 2003-ல் நடுவர் குழு வடிவமைப்பின் மேலும் பழி சுமத்தியது, நிறுவனம் திவாலானது.

விலை கூடினால் பாதுகாப்பும் கூடும் என்று அர்த்தமில்லை. ஒரு மீட்டர் உயரத்திலிருந்து விழும் துப்பாக்கி நொடிக்கு 4.4 மீட்டர் வேகத்தில் தரையைத் தொடும். துப்பாக்கி நின்றுவிடும், உள்ளே இருக்கும் ஊசி நிற்காது, ஓடிப்போய்த் தோட்டாவைக் குத்தப் பார்க்கும். பஸ் பிரேக் போட்டதும் நாம் முன்னால் சாய்கிற மாதிரிதான். விசையை இழுத்தால் மட்டும் விலகும் ஒரு தடை ஊசியின் குறுக்கே இருந்தால் பயமில்லை. ரூகர் நிறுவனம் 2008-ல் விட்ட குட்டி .380, சந்தைக்கு வந்த அதே ஆண்டே கீழே விழுந்தால் வெடிக்கக்கூடும் என்று திரும்பப் பெறப்பட்டது. அதை விட விலை கூடிய சிக் சாவர் துப்பாக்கி ஒன்றுக்கும் 2017-ல் இதே காரணத்துக்காக உள்பாகங்களை மாற்றிக் கொடுத்தார்கள். நேர்மாறாக, நூற்றிருபது வருடத்துக்கு முன்பே ஐவர் ஜான்சன் என்ற மலிவு நிறுவனம், ‘சுத்தியலைச் சுத்தியலால் அடித்துப் பாருங்கள், வெடிக்காது’ என்று விளம்பரம் செய்தது. 1901-ல் அதிபர் மெக்கின்லியைச் சுட்டது அந்த ரிவால்வரால்தான். நாலரை டாலருக்கு வாங்கி, கைக்குட்டையில் மறைத்து எடுத்துப்போனான் கொலைகாரன்.

இன்றைக்கு 300 டாலரில் ஒழுங்கான துப்பாக்கி கிடைப்பதற்கு, 1982-ல் ஆஸ்திரிய ராணுவம் ஏற்ற கிளாக் துப்பாக்கி பரவலாக்கிய பிளாஸ்டிக் உடல் ஒரு காரணம். இன்னொன்று உலோகப் பொடி. பொடியை மெழுகு மாதிரி ஒரு பசையில் பிசைந்து, அச்சுக்குள் அழுத்தி, உலையில் சுடுகிறார்கள். பசை எரிந்துபோகும், பாகம் ஆறில் ஒரு பங்கு சுருங்கி இறுகும். மண்பானை சூளையில் சுருங்குகிற மாதிரி. அந்தச் சுருக்கத்தை முன்கூட்டியே கணக்கிட்டு அச்சைப் பெரிதாகச் செய்வதில்தான் கெட்டிக்காரத்தனம்.

கடைக்காரரிடம் விஷயத்தைச் சொன்னதும் கீழ்த்தட்டிலிருந்து ஒன்றை எடுத்தார். போலீஸ் துறை கழித்துவிட்ட பழைய துப்பாக்கி. அமெரிக்க மத்தியப் புலனாய்வுத் துறையான எஃப்.பி.ஐ. 9 எம்.எம்.முக்குத் திரும்பியதும் பல ஊர்ப் போலீசும் அதை விடப் பெரிய தோட்டா போடும் தங்கள் .40 ரகத் துப்பாக்கிகளை மொத்தமாகத் தள்ளிவிட்டன; அவை ரொம்ப மலிவு, ஆனால் உதை கூடுதல். இது நடுத்தர அளவு 9 எம்.எம்., 290 டாலர். உறையில் போட்டுப் போட்டு எடுத்ததில் ஓரமெல்லாம் கறுப்பு தேய்ந்து வெள்ளி தெரிந்தது. போலீஸ் துப்பாக்கி உறைக்குள் கிடப்பதுதான் அதிகம், சுடுவது குறைவு, உள்ளே பார்த்தால் புதுசு மாதிரி இருந்தது. அந்த அம்மா ஸ்லைடைப் பிடித்து இழுத்தார். முதல் முறையே முழுதாக வந்தது.

அப்புறம் மற்ற செலவு. பழக ஆறு பெட்டி தோட்டா, பெட்டிக்கு 15 டாலர் அளவில். .380 என்றால் சின்னத் தோட்டாவாக இருந்தும் விலை இதை விடக் கூடுதல், அது குறைவாகவே தயாராகிறது. வீட்டில் இரண்டு பிள்ளைகள், அதனால் பூட்டும் பெட்டி. அமெரிக்காவில் துப்பாக்கியால் சாகிறவர்களில் பாதிக்கு மேல் தற்கொலை என்பதால் பிள்ளைகள் இல்லாத வீட்டிலும் அது வேண்டும் என்பது என் கட்சி. விசையை முழுதாக மூடும் கெட்டியான உறை. 350 டாலர் தாண்டிவிட்டது. நண்பர் என்னைப் பார்த்தார், நான் விலைச்சீட்டைப் பார்த்தேன்.

படிவம் நிரப்பி, பின்னணி விசாரணை முடிய இருபது நிமிடம் ஆனது. கிளம்பும்போதுதான் அந்த அம்மா உறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“அண்ணா, இதைப் பெல்ட்ல இல்ல மாட்டணும்? நான் கடைக்குச் சுடிதார்ல போறவ.”

அடுத்து நாங்கள் போனது ஜீன்ஸ் கடைக்கு.