கோல்ஃப் ஆடுபவருக்கு ஊஞ்சல் எதற்கு?

"உங்கள் கோல்ஃப் ஊஞ்சலை மேம்படுத்த எளிய பயிற்சிகள்." துபாயில் வேலை பார்க்கும் என் தங்கை மகன் கைப்பேசியில் அனுப்பிய கட்டுரையின் தலைப்பு இது. அவன் அலுவலகத்தில் மேலதிகாரிகள் விடுமுறை நாளில் கோல்ஃப் ஆடப் போகிறார்களாம். இவனும் கற்றுக்கொள்ளத் தொடங்கியிருக்கிறான். தமிழில் படித்தால் சட்டென்று மண்டையில் ஏறும் என்று தேடியிருக்கிறான், ஏறவில்லை. "மாமா, இதில் ஊஞ்சல் எங்கிருந்து வந்தது?" என்று கேட்டிருந்தான். ஆங்கிலத்தில் இருப்பது ஸ்விங். கோல்ஃபில் அது கோலை ஓங்கிப் பந்தை அடிக்கும் முழு அசைவு; ஆடும் ஊஞ்சலுக்கும் ஆங்கிலத்தில் அதே சொல்.

இந்த ஊஞ்சலை நான் பார்ப்பது இது நான்காவது முறை. தொலைக்காட்சியில் ஓடிய வசன வரியில் ஒருமுறை, விளம்பரத்தில் ஒருமுறை, ஒரு விளையாட்டுச் செய்தியில் ஒருமுறை பார்த்துப் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்துவிட்டேன். இந்தக் கட்டுரையை முழுவதும் படித்த பிறகு முடியவில்லை. "ஊஞ்சலின் உச்சியில் அவசரப்படாதீர்கள்" என்கிறது. "சங்கத்தை இறுக்கிப் பிடிக்காதீர்கள்" என்கிறது. "ஓட்டுநரை அடிக்கும்போது பந்து இடது குதிகாலுக்கு நேராக இருக்கட்டும்" என்றும் ஒரு வரி. கிளப் என்பது இங்கே கையில் பிடிக்கும் கோல். டிரைவர் என்பது அந்தக் கோல்களிலேயே நீளமானது, தொலைதூர அடிக்கானது. மொழிபெயர்த்தவருக்கு இரண்டும் தெரியவில்லை. ஒரு சங்கத்தின் கழுத்தைப் பிடித்து ஓட்டுநரை அடிக்கச் சொல்லிவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விட்டார்.

கும்பகோணம் பக்கத்தில் பழைய வீடுகளின் கூடத்தில் ஊஞ்சல் தொங்கும். எங்கள் வீட்டிலும் உண்டு: தேக்குப் பலகை, பித்தளைச் சங்கிலி. கல்யாணத்தில் மாப்பிள்ளையையும் பெண்ணையும் உட்கார வைத்துப் பாடுவார்கள்; கோயிலில் சாமிக்கே ஊஞ்சல் உற்சவம் நடக்கும். ஊஞ்சலை மேம்படுத்த வேண்டும் என்றால் கொக்கியில் இரண்டு சொட்டு விளக்கெண்ணெய் விட்டால் போதும். பயிற்சி ஒன்றும் தேவைப்படாது.

சொல்லின் பிறப்பை முதலில் முடித்துவிடுகிறேன். ஸ்விங் என்ற ஆங்கிலச் சொல்லுக்கு மூலம் பழைய ஆங்கிலத்தில் வழங்கிய 'சுவிங்கன்'. அதன் பொருள் அடித்தல், சாட்டையால் விளாசுதல், பாய்தல். தொங்கிக்கொண்டு முன்னும் பின்னும் ஆடுதல் என்ற பொருள் அந்தச் சொல்லில் ஏறியது 16ஆம் நூற்றாண்டில்தான். உட்கார்ந்து ஆடும் பலகைக்கு அந்தப் பெயர் வந்தது அதற்கும் பிறகு, 17ஆம் நூற்றாண்டில். ஆகவே ஊஞ்சல் என்று எழுதுபவர், அந்தச் சொல்லின் வயதில் இளைய பொருளைப் பிடித்துக்கொண்டு தொங்குகிறார். மூத்த பொருள் அடி. அந்தக் குடும்பத்திலேயே 'ஸ்விங்கிள்' என்று ஒரு சொல் இருக்கிறது. ஐரோப்பிய உழவர்கள் கதிரடிக்கப் பயன்படுத்திய கருவியில் தானியத்தின் மேல் விழும் கட்டைக்கு அந்தப் பெயரும் உண்டு.

இதைப் படித்ததும் எனக்கு எங்கள் களம் கண்முன் வந்து நின்றது. இப்போது தஞ்சாவூர் மாவட்டத்தில் அறுவடை இயந்திரம் வயலிலேயே நெல்லை உதிர்த்துக் கொடுத்துவிடுகிறது. நான் சிறுவனாக இருந்தபோது தலையடி கையால்தான். தாளை வைக்கோற்புரியால் ஒரு சுற்றுச் சுற்றிப் பிடித்து, தலைக்கு மேல் ஓங்கி, தரையில் அறைவார்கள். பார்க்கச் சுலபமாக இருக்கிறதே என்று நானும் ஒருநாள் இறங்கினேன். பத்தாவது அடியில் தோள் கழன்றுவிட்டது போல வலித்தது. என் பெரியப்பா வரப்பில் நின்றபடியே, "கையால் அடிக்காதே, இடுப்பால் அடி. கை சும்மா கூட வரட்டும்" என்றார். கோல்ஃப் பயிற்சியாளர்களும் இதையேதான் சொல்கிறார்கள். கோல் மேலே போய்த் திரும்பும்போது முதலில் அசைய வேண்டியது இடுப்பு. பிறகு நெஞ்சு, பிறகு கை, கடைசியில்தான் கோலின் தலை. வரிசை மாறினால் விசை பாதியில் செத்துவிடும். புதிதாக ஆடுபவர்கள் கையையே முதலில் இழுப்பதால்தான் பந்து வலப்பக்கம் வளைந்து ஓடுகிறது. பெரியப்பா கோல்ஃப் என்ற சொல்லையே கேட்டிருக்க மாட்டார்.

ஊஞ்சலைத் தூக்கி எறிவதில் யாருக்கும் மறுப்பு இராது என்று நினைத்தேன். இயற்பியல் ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்ற நண்பர் ஒருவர், "ஊஞ்சல் தவறு; ஊசல் சரி. ஊசலடி என்று வையுங்கள்" என்றார். ஊஞ்சலுக்கும் ஊசலுக்கும் என்ன பெரிய தூரம்? ஊசல் என்பதே ஊஞ்சல் ஆயிற்று. மாணிக்கவாசகர் பாடியது பொன்னூசல்; சிலப்பதிகாரத்தில் இருப்பது ஊசல்வரி. எல்லாம் அதே பலகைதான். ஆனால் நண்பர் சொல்வது பள்ளிப் பாடநூலில் வரும் தனி ஊசல். அவர் கையில் ஒரு நல்ல சான்றும் இருந்தது. 1968இல் பிரிட்டனில் வெளிவந்த ஆய்வு ஒன்று இந்த அடியை இரட்டை ஊசலாக வைத்துக் கணக்கிட்டுக் காட்டியது. தோளிலிருந்து தொங்கும் கை ஒரு ஊசல். மணிக்கட்டிலிருந்து தொங்கும் கோல் இன்னொன்று. அந்தக் கணக்கு இன்றும் பயன்படுகிறது. ஆகவே ஊசலடியே அறிவியல் முறையான சொல் என்பது அவர் வாதம்.

கணக்கிடுவதற்கு வைத்துக்கொண்ட உருவம் ஒன்று. ஆடுபவன் உடலால் செய்யும் செயல் வேறொன்று. ஊசலை இழுத்து விட்டால் போதும், மிச்சத்தைப் பூமி பார்த்துக்கொள்ளும். அவர் பாடத்தையே எடுத்துக்கொள்வோம். ஒரு மீட்டர் நீளமுள்ள ஊசல் ஒருமுறை போய்வர ஏறத்தாழ 2 விநாடி ஆகும். உச்சியிலிருந்து அடிமட்டம் வர அரை விநாடி. நீளம் கூடினால் நேரமும் கூடும். கோல்ஃபில் கையும் கோலும் சேர்ந்து ஒரு மீட்டரைவிட நீளம். அப்படியும் தலைக்கு மேலிருந்து பந்துக்கு வந்து சேரச் சுமார் கால் விநாடிதான் பிடிக்கிறது. தொழில்முறை ஆட்டக்காரர்களின் கோல்தலை அந்த இடத்தில் மணிக்கு 180 கிலோமீட்டரைத் தொடும். பந்தோடு அது ஒட்டியிருப்பது விநாடியில் இரண்டாயிரத்தில் ஒரு பங்கு. இதையெல்லாம் பூமி செய்யவில்லை. காலும் இடுப்பும் முதுகும் செய்கின்றன. மேலும் ஊசல் போனால் திரும்பி வரும். இந்தக் கோல் பந்தை அடித்து, இடது தோளுக்கு மேல் போய் நின்றுவிடும். திரும்பி வந்தால் ஆடுபவனின் முழங்காலைத்தான் பதம் பார்க்கும்.

பொருள் இப்படி என்றால் வழக்கு இன்னும் மோசம். தமிழில் ஊசலாடுவது மனம். அல்லது மருத்துவமனையில் கிடப்பவரின் உயிர். "18ஆவது குழியில் அவர் அருமையாக ஊசலாடினார்" என்று செய்தி வந்தால் படிப்பவர் ஆம்புலன்ஸைத்தான் நினைப்பார். ஊசிப்போன வடையின் நினைவு எனக்கு வருவதைச் சொல்லவே வேண்டாம். நண்பருக்கு இதில் கோபம். "சொல்லின் தூய்மையைப் பார்க்காமல் வடையைப் பார்க்கிறீர்களே" என்றார். தூய்மையைக் குறை சொல்லவில்லை. கேட்பவன் காதில் விழுந்தவுடன் அவன் தோளும் இடுப்பும் அசைய வேண்டும். அகராதியைப் புரட்டியபின் அசைவதாக இருந்தால் அந்தச் சொல்லை வைத்துக்கொண்டு பயிற்சி செய்ய முடியாது.

சுழற்சி என்று எழுதுபவர்களும் உண்டு. அதைச் சுருக்கமாகத் தள்ளிவிடலாம். பந்து தன்னைத்தானே சுற்றுவதற்குக் கிரிக்கெட்டிலேயே சுழல் என்று வைத்துவிட்டோம். கோல்ஃபிலும் பந்து பின்னோக்கிச் சுழன்றபடியேதான் காற்றில் ஏறுகிறது. கோலின் அசைவுக்கும் பந்தின் சுற்றுக்கும் ஒரே சொல் என்றால் பயிற்சியாளர் எதைத் திருத்தச் சொல்கிறார் என்று யாருக்குப் புரியும்?

என் வாக்கு வீச்சுக்கு. புதிதாகச் செய்ய வேண்டாம், கையிலேயே இருக்கிறது. சிலம்பத்தில் கம்பை எடுப்பவன் செய்வது வீச்சு. வாள் வீச்சு, வீச்சரிவாள், ஓட்டலில் வீச்சு பரோட்டா. நண்பர் விடவில்லை: வீசினால் பொருள் கையை விட்டுப் போய்விட வேண்டும், வலை வீசுவது போல, பந்து வீசுவது போல; கோல் கையிலேயே இருக்கிறதே என்றார். அப்படியானால் "கைவீசம்மா கைவீசு" என்று குழந்தைக்குப் பாடும்போது கை எங்கே போய் விழுகிறது? வீச்சு என்பது அலையின் அளவைக் குறிக்கும் கலைச்சொல் என்று பாடநூலைக் காட்டினார். இயற்பியல்காரர்கள் நம்மிடம் இரவல் வாங்கிய சொல்லை நம்மிடமே கொடுக்க மறுப்பது நியாயமா என்று கேட்டேன். அன்று காப்பி ஆறிப்போனதுதான் மிச்சம்.

வீச்சு என்று வைத்துக்கொண்டால் மற்ற உறுப்புகளும் தாமாக வந்து அமைகின்றன. கோலைப் பின்னே ஏற்றுவதற்கு 'பின் ஊஞ்சல்' என்று எழுதியிருந்தார் அந்தப் புண்ணியவான். நமக்கு 'ஓங்குதல்' இருக்கிறது. "ஓங்கி அடி" என்ற இரண்டு சொல்லில் ஓங்கல் தனி, அடி தனி என்று நம் மொழி பிரித்தே வைத்திருக்கிறது. பழஞ்சொல் வேண்டுமென்றால் ஓச்சுதல். "கடிதோச்சி மெல்ல எறிக" என்கிறது 562ஆவது குறள்: கடுமையாக ஓங்கு, மெதுவாக அடி. அது தண்டனை கொடுக்கும் அரசனுக்குச் சொன்னது. கோல்ஃபுக்கு அப்படியே தலைகீழ். மெல்ல ஓச்சிக் கடிது எறிய வேண்டும். தேர்ந்தவர்கள் ஓங்குவதற்கு எடுக்கும் நேரம் இறக்குவதைப் போல ஏறத்தாழ மூன்று மடங்கு. ஓச்சு எனக்குப் பிடித்த சொல்தான். ஆனாலும் கட்டுரையில் ஓங்கல் என்றே எழுதுவேன். ஓச்சு இன்று 'கோலோச்சுகிறார்' என்று செய்தித்தாளில் மட்டும் உயிரோடு இருக்கிறது, அதுவும் நடிகர்களுக்காக.

கோல் என்றதும் ஒரு எச்சரிக்கை. கோல்ஃப் என்ற பெயரே நம் 'கோல்' என்பதிலிருந்து போனது என்று மார்தட்டும் ஆட்கள் வருவார்கள். வேண்டாம். அந்த ஆட்டத்தின் பெயர் ஸ்காட்லாந்தில் 1457ஆம் ஆண்டுச் சட்டத்திலேயே இருக்கிறது. வில்வித்தையைக் கெடுக்கிறது என்று அன்றைக்குத் தடை செய்தார்கள். அடிக்கும் தடியைக் குறிக்கும் டச்சுச் சொல்லோடு அதற்கு உறவு சொல்கிறார்கள். ஒலி ஒத்துப்போவது ஒரு சந்தோஷம், அவ்வளவுதான். கருவிக்குக் கோல் என்று பெயர் வைக்க அந்தச் சந்தோஷமே போதும்.

இறக்கும்போது கடைசிக் கணத்தில் மணிக்கட்டு விடுபடுகிறதே, அதை 'மணிக்கட்டின் வெளியீடு' என்று அச்சிட்டிருக்கிறார்கள். ஏதோ புத்தக வெளியீட்டு விழா மாதிரி. மாட்டுவண்டிக்காரர் சாட்டையில் செய்வது அது: சொடுக்கு. பந்தை அடித்த பிறகும் நிற்காமல் போவது தொடர்வீச்சு. பந்தில்லாமல் ஒத்திகை பார்ப்பது வெறும்வீச்சு. அமெரிக்க ஆட்டக்காரர் பென் ஹோகன் தோளில் சாய்த்து வைத்த கண்ணாடிப் பலகையைப் போல எண்ணிக்கொள்ளச் சொன்னாரே, கோல் போய்வரும் அந்தச் சாய்வு வீச்சுத்தளம்.

டெம்போவுக்கு, அதாவது வீச்சின் தாளகதிக்கு, அந்தக் கட்டுரை தந்த சொல் 'வேகம்'. திருவையாற்றுக்கு அரைமணி நேரத் தொலைவில் உட்கார்ந்துகொண்டு இதை எப்படிப் பொறுப்பது? வேகம் வேறு, காலப்பிரமாணம் வேறு என்று தவில் பழகும் பத்து வயதுப் பையன் சொல்வான். சாதகம் செய்பவன் முதல் காலத்தில், நிதானமாக, சொல் சொல்லாகத் தட்டிப் பார்க்கிறான். அது கையில் உட்கார்ந்த பிறகுதான் இரண்டாம் காலம், மூன்றாம் காலம். கோல்ஃப் பழகவும் வேறு வழி கிடையாது. குட்டைக் கோலை எடுத்து, இடுப்பு உயரம் வரை மட்டும் அரைவீச்சாக, மெதுவாக. பிடியை ஒருநாள், காலடியை ஒருநாள், ஓங்கலை ஒருநாள் என்று ஒவ்வொன்றாகத் திருத்த வேண்டும். முதல் நாளே டிரைவரை எடுத்து விளாசுபவன் அதே தவற்றை ஆயிரம் முறை பழகிக்கொள்கிறான். அந்தக் கட்டுரையும் இதைத்தான் சொல்ல வந்திருக்கிறது. 'ஊஞ்சலின் வேகத்தைக் கட்டுப்படுத்துங்கள்' என்று போட்டதில் விஷயம் காணாமல் போய்விட்டது.

இயந்திரம் மொழிபெயர்த்தது, அதற்கு என்ன தெரியும் என்று சமாதானம் சொல்வார்கள். இயந்திரத்துக்கு ஊஞ்சலைக் கற்றுக்கொடுத்தது யார்? ஒரு காலத்தில் மனிதர்கள் எழுதி வைத்ததுதானே? செய்யும் வேலையை ஒருமுறை பார்க்காமல், சொல்லுக்குச் சொல் வைத்துக் கூலி வாங்கும் பழக்கம் கணினிக்கு முன்பே வந்துவிட்டது. கொடைக்கானலில் 1895 முதல் கோல்ஃப் கிளப் இருக்கிறது. கம்பிவேலிக்கு வெளியே பத்து நிமிடம் நின்று பார்த்திருந்தாலே ஊஞ்சல் என்று எழுதக் கை வந்திருக்காது.

தங்கை மகனுக்கு இதையெல்லாம் எழுதி அனுப்பினேன். "வீச்சு புரிகிறது மாமா. டிரைவருக்கு என்ன?" என்று கேட்டான். டிரைவர் என்றே சொல், ஓட்டுநர் மட்டும் வேண்டாம் என்றேன். நண்பருக்கு ஒரே ஒரு இடத்தை விட்டுக்கொடுத்திருக்கிறேன். குழிக்குப் பக்கத்தில் வந்த பிறகு பந்தை மெல்ல உருட்டி விடுகிறார்களே, அங்கே இடுப்பும் கிடையாது, சொடுக்கும் கிடையாது. தோளிலிருந்து இரண்டு கையும் ஒன்றாகத் தொங்கி, போய், வருகிறது. அதற்கு ஊசலடி என்று அவர் தாராளமாக எழுதிக்கொள்ளட்டும்.