"அடிக்கல்லாம் மாட்டாங்க மேடம், சும்மா பேசுவாங்க"

குடும்பநல ஆலோசகராகப் பதினான்கு வருடங்களில் நான் அதிகம் கேட்ட வாக்கியம் இதுதான். கல்யாணமாகி மூன்று வருடம், ஏழு வருடம் ஆகியும் குழந்தை இல்லாத பெண்களிடம் வீட்டில் என்ன பிரச்சனை என்று கேட்டால் முதலில் இதைத்தான் சொல்வார்கள். அந்தச் 'சும்மா'வுக்குள் என்னென்ன இருக்கிறது என்று பிரித்துப் பார்ப்பதற்கே முதல் நாள் முழுக்கப் போய்விடும்.

நேருக்கு நேர் திட்டுகிறவரிடம் பதில் பேசலாம், அழலாம், சண்டை போடலாம். சாடைப் பேச்சில் அதற்கெல்லாம் வழியே இல்லை. சமீபத்தில் வந்த ஒரு பெண்ணின் மாமியார் அவரிடம் ஒரு நாளும் குரலை உயர்த்தியதில்லையாம். காலையில் கொல்லையில் முருங்கைக்குத் தண்ணீர் ஊற்றும்போது மட்டும், மரத்தைப் பார்த்து, "காய்க்காததுக்கு ஊத்தி ஊத்தி என் கைதான் ஓயுது" என்பாராம். ஜன்னலுக்கு இந்தப் பக்கம் அடுப்படியில் மருமகள் தோசைக்கு மாவு கரைத்துக்கொண்டிருப்பார். போய்க் கேட்டால், "நான் மரத்தத்தானே சொன்னேன்" என்ற பதில் தயாராக இருக்கும். கணவரைக் கேட்டேன். "அம்மா செடிகொடிகிட்ட பேசுறது வழக்கம்தான் மேடம்" என்றார். அவர் பொய் சொல்லவில்லை, ஐந்து வருடமாக அவர் காதில் அது மரத்தைப் பற்றிய பேச்சாகத்தான் விழுந்திருக்கிறது.

இது ஒரு வகை. "உன் ஆஸ்பத்திரிச் செலவுக்குத்தான் என் வளையல் போச்சு" என்று சொல்லிக்காட்டுவது இன்னொன்று. வளைகாப்பில் வளையல் அடுக்க எழுந்தவரை, "நீ உட்காரும்மா, அப்புறம் பார்த்துக்கலாம்" என்று அன்பாகச் சொல்லி உட்கார வைப்பதும் இந்தக் கணக்கில்தான் வரும். இவற்றில் ஒரு கெட்ட வார்த்தைகூடக் கிடையாது, அதனாலேயே இதையெல்லாம் கொடுமை என்று சொல்ல அந்தப் பெண்களுக்கே தயக்கம்.

மலடி என்ற சொல்லுக்கு ஆண்பாலாக மலடன் என்ற சொல்லும் தமிழில் உண்டு. ஆனால் ஒரு ஆணைப் பார்த்து யாரும் அதைச் சொன்னதாக என் அறையில் ஒருவரும் சொன்னதில்லை. உலகில் ஏறக்குறைய ஆறு பேரில் ஒருவர் வாழ்நாளில் ஏதோ ஒரு கட்டத்தில் கருத்தரிப்புப் பிரச்சனையைச் சந்திக்கிறார் என்று 2023-இல் உலக சுகாதார நிறுவனம் சொன்னது. குழந்தை தங்காத தம்பதிகளில் சுமார் பாதிப் பேரிடம் ஆணின் பக்கமும் காரணம் இருக்கிறது. ஆனாலும் ஸ்கேன், ரத்தப் பரிசோதனை, கருக்குழாய் அடைப்புப் பார்க்கும் எக்ஸ்ரே என்று மனைவிக்கு எல்லாம் முடிந்த பிறகுதான் பல வீடுகளில் கணவரின் விந்துப் பரிசோதனைக்கு வருகிறார்கள். எளிய பரிசோதனை, முதல் வாரமே செய்ய வேண்டியது.

சட்டம் இந்தப் பேச்சைச் 'சும்மா' என்று விடவில்லை. 2005-ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம், குழந்தை இல்லை, ஆண் குழந்தை இல்லை என்று இழிவுபடுத்துவதையும் கேலி செய்வதையும் வெளிப்படையாகவே வன்முறைக்குள் சேர்த்திருக்கிறது. மாமியார், நாத்தனார் மீதும் இதில் புகார் கொடுக்கலாம். பெண்களுக்கான உதவி எண் 181-க்கு அழைக்கலாம், மாவட்டச் சமூகநல அலுவலகத்தில் பாதுகாப்பு அலுவலரைப் பார்க்கலாம். வழக்குக்குப் போகிறவர்கள் என்னிடம் வருகிறவர்களில் குறைவுதான், ஆனால் அந்த வரியைப் படித்துக் காட்டும்போது பலர் நிமிர்ந்து உட்காருவதைப் பார்த்திருக்கிறேன்.

எல்லோரிடமும் நான் கேட்பது ஒரு நோட்டு. என்றைக்கு, யார், அப்படியே என்ன வார்த்தை, பக்கத்தில் யார் இருந்தார்கள். "எப்பவும் பேசுவாங்க" என்று சொன்னால் கணவர் காதில் ஏறாது, எழுதி வைத்தால் எண்ணிக்கை தெரியும்.

அந்த முருங்கை மரத்து வீட்டுப் பெண் மூன்று வாரம் எழுதிக் கொண்டுவந்தார். கணவரிடம் கொடுத்தேன். திங்கள் மரம், செவ்வாய் மரம், வியாழன் மரம். இரண்டாவது பக்கத்தைத் திருப்பியவர் அங்கேயே விரலை வைத்துக்கொண்டு நெடுநேரம் பேசவில்லை. அப்புறம்தான் சொன்னார், எட்டு மாதத்துக்கு முன்பே ரிப்போர்ட் வந்துவிட்டது, அணுக்கள் எண்ணிக்கை குறைவு அவருக்குத்தான், மனைவிக்கு ஒரு குறையும் இல்லை, விஷயம் இரண்டு பேருக்கு மட்டும்தான் தெரியும். எட்டு மாதமாக அந்தப் பெண் அதைத் தெரிந்துகொண்டே ஜன்னலோரம் நின்றிருக்கிறார். ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். "அவரையும் பேசுவாங்களே மேடம்" என்றார்.

அம்மாவிடம் தானே சொல்வதாகக் கணவர் ஒத்துக்கொண்டிருக்கிறார், ஆனால் வீட்டில் வைத்துத் தன்னால் முடியாது என்கிறார். சரி, இங்கேயே சொல்லட்டும் என்று அடுத்த புதன்கிழமை மூன்று பேரையும் வரச் சொல்லியிருக்கிறேன்.