டிக்கியில் தண்ணீர்: பீடிங் மேல் பழி போடாதீர்கள்

இந்த மழைக்கு இது ஐந்தாவது வண்டி. தண்டையார்பேட்டையிலிருந்து ஒரு பெரியவர் கொண்டுவந்தார். டிக்கியைத் திறந்ததுமே ஈரச் சாக்கு நாற்றம். ஸ்டெப்னியை வெளியே எடுத்தால் குழியில் நான்கு விரல் உயரத்துக்குத் தண்ணீர். ஜாக்கி துருப்பிடித்து, திருகவே வரவில்லை. "மூணு தடவை பீடிங் மாத்திட்டேன் தம்பி, நிக்கவே மாட்டேங்குது" என்றார். பீடிங் என்றால் டிக்கி வாயைச் சுற்றி ஓடும் ரப்பர் பட்டை. போதாததற்கு, வேறொரு பட்டறையில் சுற்றிலும் சிலிக்கான் பசை அப்பி அனுப்பியிருந்தார்கள்.

பீடிங்கில் ஒரு குறையும் இல்லை. ஒழுகியது இடது பக்க டெயில் லேம்ப்.

டிக்கியைத் திறந்தால் கண்ணுக்குத் தெரிகிற ரப்பர் பீடிங் ஒன்றுதான். அதனால் எந்த ஒழுகலுக்கும் பழி அதன் தலையில் விழுகிறது. பீடிங் கிழிந்தால், நசுங்கினால் ஒழுகத்தான் செய்யும், நான் மறுக்கவில்லை. ஆனால் அதைச் சோதிக்கக் காசே வேண்டாம். ஒரு பத்து ரூபாய் நோட்டை பீடிங் மேல் வைத்து டிக்கியை மூடி, நோட்டை மெதுவாக இழுங்கள். இறுக்கிப் பிடித்தால் அந்த இடம் சரி. வழுக்கிக்கொண்டு வந்தாலும் உடனே ரப்பர் வாங்க ஓடாதீர்கள், லாக் தளர்ந்து மூடி சரியாக உட்காராமலும் இருக்கலாம். இன்னொரு வழி, காய்ந்த பீடிங்கில் முகப் பவுடர் தூவி, மூடி, மேலே தண்ணீர் விடுவது. தண்ணீர் உள்ளே நுழைந்த இடத்தில் பவுடர் கரைந்து கோடு விழும். கோடு இல்லையா? பீடிங்கை விட்டுவிடுங்கள்.

தண்ணீர் தேங்குகிற இடம் வேறு, நுழைகிற இடம் வேறு. கூரை ஓரத்தில் தகட்டு இணைப்பை அடைக்கும் சீலர் வெடித்திருந்தால், கூரையைத் தாங்கும் பில்லருக்குள்ளேயே தண்ணீர் இறங்கி வந்து டிக்கியில் நிற்கும். வொயரைப் பிடித்துக்கொண்டு வலது பக்கத்திலிருந்து இடது பக்கத்துக்குக்கூடப் போகும். ஸ்டெப்னி குழிதான் பள்ளம், எங்கிருந்து வந்தாலும் அங்கேதான் சேரும்.

சிலிக்கான் விஷயத்தில் எனக்குப் பொறுமையே போய்விட்டது. பிதுக்கும்போது வினிகர் வாசனை அடிக்கிற வகை இருக்கிறதே, அது காயும்போது அசிட்டிக் அமிலம் விடும். பெயின்ட் போன தகட்டில் பட்டால் துருவை நாமே கூப்பிட்ட மாதிரி. அதன் மேல் பெயின்டும் ஒட்டாது. தகட்டு இணைப்புக்கு பாடி சீலர் என்றே தனியாக இருக்கிறது. எங்கே ஒழுகுகிறது என்று தெரியாமல் எதையும் அப்பாதீர்கள், ஏற்கெனவே அப்பியதைச் சுரண்டி எடுக்கவே எங்களுக்குப் பாதி நாள் போகிறது.

கண்டுபிடிக்க இரண்டு பேர் வேண்டும். டிக்கியைக் காலி செய்து, கார்பெட்டையும் பக்கத்து அட்டைகளையும் கழற்றித் துடையுங்கள். பின் சீட்டை மடக்கி ஒருவர் டார்ச்சோடு உள்ளே இருக்கட்டும், வெளியே ஒருவர் ஓஸ் பிடிக்கட்டும். டிக்கிக்குள் ஆள் இருக்கும்போது பின் சீட் பக்கத்துக் கதவு ஒன்று திறந்தே இருக்க வேண்டும். வாட்டர் வாஷ் கன் கூடாது, அந்த அழுத்தத்துக்கு நல்ல ரப்பர்கூட வழிவிடும். முதலில் பம்பர் உயரம், பிறகு லேம்ப், பிறகு கண்ணாடி, கடைசியில் கூரை. ஒவ்வொரு இடத்திலும் ஐந்து நிமிடம். மேலிருந்து ஆரம்பித்தால் எல்லா இடமும் ஒரே நேரத்தில் நனைந்து ஒன்றும் புரியாது.

பெரியவர் வண்டியில் நான்தான் உள்ளே படுத்திருந்தேன். லேம்ப் மேல் தண்ணீர் பட்டு மூன்றாவது நிமிடம், போல்ட் ஓரத்தில் ஒரு சொட்டு திரண்டது. கீழே விழவில்லை. வெல்டிங் விளிம்பைப் பிடித்துக்கொண்டு ஒரு முழ தூரம் ஊர்ந்து, வளைவில் திரும்பிக் குழிக்குள் இறங்கியது. லேம்ப்பைக் கழற்றினால் பின்னால் தண்ணீரைத் தடுக்க வைத்திருந்த ஃபோம் கேஸ்கெட் அப்பளம் மாதிரி நொறுங்கியது. அதை மாற்றினோம், வேலை முடிந்தது.

பின்னால் இடி வாங்கிய வண்டி என்றால் முதல் சந்தேகம் பம்பருக்கு உள்ளே இருக்கும் காற்றுப் போக்கி மேல் வர வேண்டும். அதைச் சுற்றியுள்ள ஃபோமைச் சரிசெய்யுங்கள், வாயை டேப் போட்டு மூடிவிடாதீர்கள், கதவைச் சாத்தும்போது காற்று வெளியேறுவதே அந்த வழியில்தான். பின் கண்ணாடியோடு சேர்ந்தே டிக்கி திறக்கும் ஹேட்ச்பேக்கில் சந்தேகப்பட வேண்டியது பின் வைப்பர், மேல் பிரேக் லைட். சி.என்.ஜி. போட்ட வண்டியில் சிலிண்டர் ஸ்டாண்டுக்காகத் தளத்தில் போட்ட ஓட்டைகள். மூன்று வருடத்துக்கு ஒருமுறை டெஸ்டுக்குச் சிலிண்டரை இறக்குவார்கள் அல்லவா, அன்றைக்கே அடித்தளத்தைப் பார்த்துவிடுங்கள்.

ஒழுகலே இல்லாமலும் ஈரம் வரும். காசிமேட்டில் ஞாயிற்றுக்கிழமை மீன் வாங்கி டிக்கியில் வைப்பீர்கள், தெர்மாகோல் பெட்டியிலிருந்து ஐஸ் தண்ணீர் கசியும். இருபது லிட்டர் கேனின் மூடியும் அப்படித்தான். அடியில் ஒரு தட்டு வையுங்கள். 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் வந்த மாதிரி வெள்ளம் வந்தால் அது வேறு கணக்கு, தண்ணீர் கீழிருந்து ஏறும். அன்றைக்கு எண்ணூர் பக்கம் எண்ணெயும் கலந்து வந்தது. அப்படி நின்ற வண்டியைத் தயவுசெய்து ஸ்டார்ட் செய்து பார்க்காதீர்கள்.

ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை கடற்காற்று உப்பைக் கொண்டுவந்து போட்டுக்கொண்டே இருக்கிறது. இங்கே ஈரத்தை ஒரு வாரம் விட்டாலும் தகட்டில் துரு பிடிக்க ஆரம்பித்துவிடும். மழைக்காலத்தில் வாரம் ஒருமுறை கார்பெட்டைத் தூக்கிக் கையை வைத்துப் பாருங்கள், ஒரு நிமிட வேலை. ஈரம் இருந்தால் வெயிலில் இரண்டு நாள் திறந்து போட்டுக் காயவையுங்கள். துரு தெரிந்தால் தேய்த்து பிரைமர் அடியுங்கள்.

அப்புறம், பல வண்டிகளில் குழியின் அடியில் ஒரு ரப்பர் மூடி இருக்கும். தண்ணீரை வடிக்க அதைக் கழற்றுங்கள், டிரில் போட்டுப் புது ஓட்டை வேண்டாம். வடிந்ததும் மறக்காமல் திரும்ப மாட்டுங்கள். இல்லையென்றால் ஜி.என்.டி. ரோட்டில் தேங்கிய தண்ணீரில் போகும்போது அந்த ஓட்டை வழியாகவே மறுபடி நிரம்பும்.